பிரித்துத் தைக்கலாம்: கைத்தையல், எம்பிராய்டரி, பின்னல் புதிதாகத் தொடங்குவோருக்கு

ஊசி நூலோடு உட்காரத் தயங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள்: "எனக்குக் கோணலாகத்தான் வரும்." வரட்டுமே. கோணலாக வந்தால் பிரித்துவிடலாம். சூளையில் வெடித்த பானை வெடித்ததுதான். உளி தவறி இறங்கினால் அந்த மரத்துண்டு போச்சு. நூல் வேலையில் மட்டும் வந்த வழியே திரும்பி நடந்து, தப்பு நடந்த இடத்துக்கே போய் நின்றுகொள்ளலாம். எதை எப்படிப் பிரிப்பது, எதைப் பிரித்தால் துணி கெடும் என்று தெரிந்துவிட்டால் பயத்தில் பாதி போய்விடும். அதனால் தைக்கச் சொல்லித்தரும் இடமெல்லாம் பிரிக்கவும் சொல்லப்போகிறேன்.

பட்டன், நேர்த்தையல், பூ வேலை, அப்புறம் கம்பளிப் பின்னல் என்ற வரிசையில் போகிறேன். பின்னலுக்காகவே வந்தவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போனாலும் குற்றமில்லை.

என்ன வாங்குவது, எதை விடுவது

நூறு நிற நூல், இருபது வகை ஊசி, மேலே கண்ணாடி மூடி என்று பெட்டியாக விற்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். முதல் மாதம் அது வேண்டாம். அதில் பாதி நூல் மலிவான ரகமாக இருக்கும், தைக்கும்போதே பஞ்சுபஞ்சாகப் பிரிந்து, தப்பு உங்கள் கையில் இருப்பதாக நினைக்க வைத்துவிடும்.

கைத்தையலுக்குப் பல அளவு கலந்த ஒரு ஊசிப் பாக்கெட், வெள்ளையும் கறுப்புமாக இரண்டு நூல் உருளை, முனை கூரான சின்னக் கத்தரிக்கோல் ஒன்று போதும். அந்தக் கத்தரியால் யாரும் காகிதம் வெட்டக் கூடாது என்று வீட்டில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். காகிதம் வெட்டினால் முனை மழுங்கும், அப்புறம் நூலை அறுக்காது, மெல்லும்.

எம்பிராய்டரிக்கு 15 செ.மீ. அகலமுள்ள ஒரு வளையம், மூன்று நிற நூல் கண்டு, வெளிர் நிறப் பருத்தித் துணி. பழைய படுக்கை விரிப்பில் கிழியாத ஒரு பகுதி பழகுவதற்கு மிக நல்லது. பனியன் துணி போல இழுபடுவதும் பட்டு போல வழுக்குவதும் இப்போதைக்கு வேண்டாம்.

பின்னலுக்கு 5 மி.மீ. பருமனுள்ள ஒரு ஜோடி ஊசி, நடுத்தரப் பருமனில் வழுவழுப்பான நூல் உருண்டை ஒன்று. நிறம் வெளிறியதாக இருக்கட்டும். கறுப்பு நூலில் கண்ணி கண்ணுக்குத் தெரியாது. முடி முடியாக நிற்கும் நூலும் அப்படித்தான், அதைப் பிரிக்கவும் முடியாது.

ஊசி எண்ணில் ஒரு குழப்பம் உண்டு. தையல் ஊசியில் எண் ஏற ஏற ஊசி மெலியும்: 10ஆம் எண் 5ஆம் எண்ணைவிட மெல்லியது. பின்னல் ஊசியை மில்லிமீட்டரில் குறிப்பதால் எண் ஏற ஏறப் பருமன் கூடும். இரண்டையும் ஒரே நாளில் வாங்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நூல் கோப்பது

கோக்க முடியாமலேயே எத்தனையோ பேர் ஊசியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஆனால் பழக்கம் ஒன்றை மாற்றினால் போதும். நூலை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஊசியின் காதைத் தேடாதீர்கள். நூல் நுனியைச் சாய்வாக வெட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, நுனி வெளியே தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்படி இறுகப் பிடியுங்கள். இப்போது ஊசியின் காதைக் கொண்டுவந்து அந்த நுனிமேல் அழுத்துங்கள். ஆடுவதற்கு நூலுக்கு இடமே இல்லாததால் உள்ளே போயாக வேண்டும். போகவில்லையா? ஊசியைத் திருப்பி மறுபக்கம் முயலுங்கள். காது அச்சில் குத்தி எடுக்கப்படுவது என்பதால் ஒரு பக்கம் சற்று வழுவழுப்பாக இருப்பதுண்டு.

நூல் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, அதாவது சுமார் 45 செ.மீ. இருந்தால் போதும். மறுபடி கோக்கச் சோம்பல்பட்டு ஒன்றரை மீட்டர் எடுப்போம், அது மூன்றாவது தையலிலேயே முடிச்சு விழுந்து, கோத்திருக்க வேண்டிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு வாங்கிவிடும். தைக்கத் தைக்க நூல் முறுக்கேறுவதும் சிடுக்குக்கு ஒரு காரணம். அவ்வப்போது துணியைத் தூக்கிப் பிடித்து ஊசியைத் தொங்க விடுங்கள். தானாகவே சுற்றிச் சுற்றி முறுக்கு இறங்கி நிற்கும். இதை வேடிக்கை பார்ப்பதே ஒரு சுகம்.

முதலில் ஒரு பட்டன்

பயன் உடனே கையில் தெரியும் வேலை என்பதால் இதில் தொடங்கச் சொல்கிறேன். சட்டையிலோ பழைய துணியிலோ நான்கு துளைப் பட்டன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நூலை இரட்டையாக்கி முடிச்சுப் போட்டு, பட்டன் உட்காரும் இடத்தில் சின்னதாக இரண்டு தையல் போட்டு ஊன்றுங்கள். பட்டனை வைத்து, அதன் மேல் ஒரு தீக்குச்சியைப் படுக்க வையுங்கள். துளைக்குத் துளை போகும் நூல் தீக்குச்சியின் மேலாகப் போகட்டும். ஒவ்வொரு ஜோடித் துளைக்கும் மூன்று நான்கு தடவை தைத்ததும் குச்சியை உருவிவிட்டுப் பட்டனை மேலே இழுங்கள். துணிக்கும் பட்டனுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி வந்திருக்கும். ஊசியை அந்த இடைவெளிக்குக் கொண்டுவந்து, நூலை ஐந்தாறு சுற்றுச் சுற்றி, ஊசியைத் துணிக்கு அடியில் இறக்கி முடிச்சிடுங்கள்.

அந்தக் கழுத்துதான் பட்டனுக்கு உயிர். காஜாவின் துணி வந்து உட்கார அங்கே இடம் வேண்டும். கழுத்தில்லாமல் இறுக்கித் தைத்த பட்டன் துணியைச் சுருக்கும், நூலும் சீக்கிரம் அறும்.

நேர்த்தையல்

ஊசி துணிக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை என்று ஓடுவதை ஓட்டுத் தையல் என்பார்கள், ரன்னிங் ஸ்டிச் என்றாலும் அதுதான். இதைவிட எளிய தையல் கிடையாது. ஆனால் வங்கத்துக் காந்தா வேலையும் ஜப்பானின் சஷிகோவும் பெரும்பாலும் இந்த ஒரு தையலை நம்பியே நிற்கின்றன. இரண்டுமே பழந்துணியை அடுக்கி ஒட்டுப்போட்டு உறுதியாக்கும் தேவையிலிருந்து வளர்ந்தவை. கிழிசலை மறைக்கப் போட்ட தையலே அழகாகிவிட்டது.

பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஊசியில் மூன்று நான்கு தையலைச் சேர்த்துக் கோத்து ஒரேயடியாக இழுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றாகக் குத்தி இழுப்பதைவிட இதில் கோடு நேராக வரும். அளவு சிறியதா பெரியதா என்பது முக்கியமில்லை, எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். இரண்டு கோடு சுமாராக இருக்கும், ஏழாவது கோட்டில் கை தானே அளவெடுக்கத் தொடங்கிவிடும்.

உறுதி வேண்டுமென்றால் பின்தையல். ஒரு தையல் முன்னே போய் மேலே வந்து, பின்னால் திரும்பி, முந்தைய தையல் முடிந்த துளையிலேயே இறங்குவது. மேலே மிஷின் தையல் போல இடைவெளி இல்லாமல் இருக்கும். பையின் கைப்பிடி, அக்குள் இணைப்பு போன்ற இழுபடும் இடங்களுக்கு இது.

பிரிக்கும் முறை: நூலைப் பிடித்து இழுக்காதீர்கள், துணி சுருங்கி இழை நகர்ந்துவிடும். நான்கைந்து தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போய், மறுபக்கத்திலிருந்து நூலை உருவுங்கள். துளைகள் தெரிந்தால் துணியை லேசாக ஈரமாக்கி நகத்தால் குறுக்கும் நெடுக்குமாகத் தேயுங்கள். பருத்தியில் பாவும் ஊடும், அதாவது நெடுக்கு இழையும் குறுக்கு இழையும், நகர்ந்து துளை மூடிக்கொள்ளும். பட்டிலும் தோலிலும் மூடாது. அவற்றில் ஊசி குத்திய இடம் குத்தியதுதான்.

எம்பிராய்டரி

நூல் கண்டைப் பிரித்துப் பார்த்தால் ஆறு இழைகள் சேர்ந்து வருவது தெரியும். வழக்கமாக ஒரு கண்டில் 8 மீட்டர் இருக்கும். ஆறையும் சேர்த்துத் தைக்க வேண்டியதில்லை, இரண்டு அல்லது மூன்று இழையே பெரும்பாலான வேலைக்குச் சரி. பிரிப்பதற்கு ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெட்டிய துண்டின் நுனியை ஒரு கையில் தளர்வாகப் பிடித்து, ஒரே ஒரு இழையை மட்டும் நேராக மேலே உருவுங்கள். மிச்ச ஐந்தும் கீழே சுருண்டு குவியும், சிக்கிவிட்டதோ என்று பதறுவீர்கள். இழை முழுசாக வெளியே வந்ததும் குவியல் தானே நேராகிவிடும். இரண்டு இழையைச் சேர்த்து இழுத்தால்தான் சிக்கு. இப்படித் தனித்தனியாக உருவி மறுபடி பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக் கோத்தால் இழைகள் முறுக்கில்லாமல் படிந்து, தையல் தட்டையாக, பளபளப்பாக வரும்.

வடிவத்தைத் துணியில் எடுக்க ஜன்னல் கண்ணாடி போதும். பகல் நேரத்தில் படத்தைக் கண்ணாடியில் ஒட்டி, மேலே துணியை ஒட்டினால் கோடு தெரியும். பென்சிலால் லேசாக வரையுங்கள். சூடு பட்டால் மறையும் பேனாவைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அந்த மை கடுங்குளிரில் மறுபடி தெரியக்கூடும், கறையும் தங்குவதுண்டு. பழகும் துணிக்குப் பரவாயில்லை, பரிசாகக் கொடுப்பதில் வேண்டாம்.

வளையத்தில் துணியை மாட்டி, விரலால் சுண்டினால் சின்ன மத்தளம் போலச் சத்தம் வரும் அளவுக்கு இழுத்துத் திருகுங்கள். இழுக்கும்போது பாவும் ஊடும் போன போக்கில் இழுங்கள், மூலைவாட்டில் இழுத்தால் வட்டமாகத் தைத்த பூ வளையத்தைக் கழற்றியதும் முட்டை வடிவமாகிவிடும். இரவு வேலையை எடுத்து வைக்கும்போது வளையத்தைக் கழற்றிவிடுங்கள். அப்படியே விட்டால் வட்டமாகத் தடம் விழுந்து, இஸ்திரிக்கும் எளிதில் மசியாது.

எத்தனை தையல் கற்க வேண்டும்? புத்தகங்களில் நூறு இருநூறு இருக்கும். மூன்று போதும் என்பது என் கட்சி. 1066இல் இங்கிலாந்தை நார்மன்கள் வென்ற கதையைச் சொல்லும் பாயோ திரையை எடுத்துக்கொள்ளுங்கள். 11ஆம் நூற்றாண்டில் லினன் துணியில் கம்பளி நூலால் தைத்தது, நீளம் 70 மீட்டருக்குப் பக்கம். கப்பல், குதிரை, போர், விருந்து எல்லாம் அதில் உண்டு. பெரும்பகுதி வேலை இரண்டே தையல்: ஓரத்துக்குக் காம்புத் தையல், உள்ளே நிரப்ப நூலைப் பரப்பிக் கட்டும் தையல் ஒன்று.

காம்புத் தையல் இடமிருந்து வலமாகப் போகும். கோட்டில் ஒரு தையல் முன்னே ஊசியை இறக்கி, பாதி தூரம் பின்னால் வந்து மேலே எடுக்க வேண்டும். நூல் எப்போதும் ஊசிக்குக் கீழ்ப்பக்கமாகவே இருக்கட்டும். ஒரு தையலில் கீழே, அடுத்ததில் மேலே என்று மாறினால் கயிறு முறுக்கு போல வர வேண்டிய கோடு நடுவில் தடுமாறும். இடக்கைக்காரர்கள் வலமிருந்து இடமாக, எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாற்றிச் செய்தால் சரி.

சங்கிலித் தையலில் ஊசி மேலே வந்த துளையிலேயே மறுபடி இறங்கி, கொஞ்சம் தள்ளி மேலே எட்டிப்பார்க்கும். அந்த முனைக்கு அடியில் நூலை வளைத்து வைத்து இழுத்தால் ஒரு கண்ணி. அதற்குள்ளிருந்து அடுத்தது. ஒரே ஒரு கண்ணியைத் தனியாக விட்டு நுனியைச் சின்னத் தையலால் கட்டினால் அது பூவிதழ். ஐந்து இதழைச் சுற்றிப் போட்டால் பூ.

மூன்றாவது பிரெஞ்சு முடிச்சு. எல்லாரையும் அழ வைக்கும், பிடிபட்டுவிட்டால் விடவே மனம் வராது. நூல் மேலே வந்ததும் இடக்கையால் அதை இழுத்துப் பிடித்து, ஊசியைச் சுற்றி இரண்டு சுற்று. மேலே வந்த துளையிலேயே இறங்கினால் முடிச்சு துணிக்குள் போய் மறைந்துவிடும், ஓர் இழை தள்ளி இறங்குங்கள். ஊசி முனை துணிக்குள் போனதும் நிறுத்தி, சுற்றை விரலால் தள்ளித் துணியோடு ஒட்ட வையுங்கள். ஊசியை உள்ளே இழுத்து முடிக்கும் வரை இடக்கை நூலின் இறுக்கத்தை விடக் கூடாது. இந்த ஒன்றை விட்டுவிட்டுத்தான் பலர் முடிச்சுக்குப் பதில் தொளதொளவென்று ஒரு வளையத்தை வைத்துக்கொண்டு விழிப்பார்கள்.

சாட்டின் தையல் பக்கம் இப்போதே போகாதீர்கள். இலையை வழவழவென்று நிரப்பும் அது பார்க்க எளிது, செய்யும்போது ஓரம் நேராக நிற்காது.

தொடக்கத்தில் முடிச்சுப் போட வேண்டாம். முகப்பில் புடைக்கும். பின்னால் நான்கு விரல் வால் விட்டுத் தொடங்கி, கடைசியில் அந்த வாலைப் பின்பக்கத் தையல்களுக்கு அடியில் நுழைத்து வெட்டுங்கள். பிரிக்க வேண்டியிருந்தால் பின்பக்கத்திலிருந்தே வெட்டி எடுங்கள். எடுத்த நூலை மறுபடி கோக்காதீர்கள், துணிக்குள் போய்வந்து பஞ்சு கிளம்பியிருக்கும். ஒரே இடத்தை இரண்டு தடவைக்கு மேல் பிரித்தால் துணியின் இழையே நைந்துபோகும். மூன்றாவது முறையும் சரியில்லை என்றால் மேலே ஒரு இலையைத் தைத்து மறைப்பது உத்தமம்.

முடிந்ததும் குளிர்ந்த நீரில் அலசுங்கள். சிவப்புச் சாயம் இறங்கினால் பதறாமல், தண்ணீர் தெளியும் வரை மாற்றி மாற்றி அலசிக்கொண்டே இருங்கள், காய விடக் கூடாது, இஸ்திரி வைக்கவே கூடாது, சூடு சாயத்தைத் துணியில் நிலைப்படுத்திவிடும். எல்லாம் சரியான பிறகு தடித்த துண்டின் மேல் முகம் கீழாகப் போட்டு இஸ்திரி போட்டால் முடிச்சுகள் நசுங்காது.

பின்னல்

எம்பிராய்டரி கண்ணைக் கேட்கும், பின்னல் கேட்காது. பழகிய பிறகு பேசிக்கொண்டே, பேருந்துக்குக் காத்துக்கொண்டே பின்னலாம். கைக்கு வேலை இருக்கும், மனசு சும்மா இருக்கும். எனக்கு மூன்றிலும் பிடித்தது இதுதான். குளிரில்லாத ஊரில் எதற்கு என்று கேட்பார்கள். இன்று வரை மிஞ்சியிருக்கும் மிகப் பழைய பின்னல் வேலைகள் எகிப்தில் கிடைத்த காலுறைகள், 11 முதல் 14ஆம் நூற்றாண்டுக்குள் பின்னப்பட்டவை. அவற்றில் பல பருத்தி நூல்.

பின்னலில் அடிப்படை அசைவு இரண்டே: நிட், பர்ல். நிட்டின் பின்பக்கம் பர்ல், பர்லின் பின்பக்கம் நிட். அதனால் உண்மையில் ஒன்றுதான்.

தொடங்கும் விதம் இது. நூலில் ஒரு சுருக்குக் கண்ணி போட்டு இடக்கை ஊசியில் மாட்டுங்கள். வலக்கை ஊசியை அந்தக் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக நுழையுங்கள். வலது முனை இடது ஊசிக்கு அடியில் குறுக்காக நிற்கும். உருண்டையிலிருந்து வரும் நூலை வலது முனையைச் சுற்றிக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஒரு சுற்று. முனையைச் சற்றுக் கீழே இறக்கி, சுற்றிய நூலைக் கண்ணி வழியாக முன்னால் இழுத்துவாருங்கள். இப்போது வலது ஊசியில் புதுக் கண்ணி. அதை இடது ஊசியிலேயே திருப்பி மாட்டுங்கள். இரண்டு கண்ணியாயிற்று. இப்படியே இருபது வரை ஏற்றுங்கள்.

ஏற்றி முடிக்கும்போதே நிட்டைக் கற்றுவிட்டீர்கள். அடுத்த வரிசையில் அதே அசைவுதான், புதுக் கண்ணியைத் திருப்பி மாட்டாமல் வலது ஊசியிலேயே வைத்துக்கொண்டு பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விட வேண்டும். வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றித் திரும்பத் தொடங்குங்கள். எல்லா வரிசையும் நிட் என்றால் கார்ட்டர் பின்னல்: இருபுறமும் வரப்பு வரப்பாக, சுருளாமல் தட்டையாகக் கிடக்கும். ஒரு வரப்பு இரண்டு வரிசை, எண்ண வசதி. ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று போனால் கடை ஸ்வெட்டர் போல வழுவழுப்பான முகம் வரும், ஆனால் ஓரம் சுருண்டுகொள்ளும். எத்தனை இஸ்திரி போட்டாலும் அதன் குணம் அதுதான். முதல் மஃப்ளருக்குக் கார்ட்டரே நல்லது.

என் முதல் மஃப்ளர் இருபது கண்ணியில் தொடங்கியது. ஒரு சாண் வளர்ந்ததும் பார்த்தால் விசிறி மாதிரி விரிந்திருந்தது. எண்ணினேன், முப்பத்தொன்று. எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் வாரக்கணக்கில் குழம்பினேன். வரிசையின் தொடக்கத்தில்தான் திருட்டு நடக்கிறது. திருப்பியதும் நூல் ஊசியின் மேலாகப் பின்னுக்குப் போனால், முதல் கண்ணி மேலே இழுபட்டு அதன் இரண்டு கால்களும் இரண்டு கண்ணி போலத் தெரியும். இரண்டையும் பின்னிவிடுவோம். முதல் கண்ணிக்கு முன் நூலைக் கீழே இறக்கி, ஊசிக்கு அடியிலிருந்து பின்னால் கொண்டுபோனால் இது நடக்காது. ஐந்து வரிசைக்கு ஒரு தடவை எண்ணுங்கள். நான் இன்னும் எண்ணுகிறேன்.

கண்ணி நழுவி விழுந்தால் கத்தாதீர்கள், இழுக்காதீர்கள். உடனே ஓர் ஊக்கை மாட்டிப் பிடித்துவையுங்கள். வழுவழுப்பான பின்னல் என்றால் அது விழுந்த வழி ஏணிப்படி போலத் தெரியும். முனையில் கொக்கியுள்ள குரோஷா ஊசியைக் கண்ணிக்குள் விட்டு, ஏணியின் கீழ்ப்படியைப் பிடித்து உள்ளே இழுக்க, ஒரு படி ஏறும். அப்படியே மேல் வரை.

முடிக்கும்போது இரண்டு கண்ணி பின்னி, முதலாவதை இரண்டாவதின் மேலாகத் தூக்கி இறக்குங்கள். இன்னொன்று பின்னி, மறுபடி தூக்கி இறக்குங்கள். தளர்வாகச் செய்யுங்கள், புதியவர்கள் எல்லாரும் இங்கே இறுக்கிவிடுவார்கள். கடைசிக் கண்ணிக்குள் நூலை நுழைத்து இழுத்து, வாலை மொட்டை ஊசியால் வரப்புக்குள் ஒளித்துவிடுங்கள். அக்ரிலிக் நூல் என்றால் இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், சூடு பட்டால் உயிரில்லாமல் தொங்கிவிடும், திரும்ப வராது.

மஃப்ளர் விசிறியாகவே முடிந்துவிட்டதா? முடித்த முனையைத் தேடி வாலை உருவி, கடைசிக் கண்ணியைத் திறந்து இழுங்கள். சரசரவென்று வரிசை வரிசையாக அவிழும். அவிழ்வதை நாற்காலியின் முதுகில் சுற்றிக்கொண்டே போங்கள். நான்கு இடத்தில் சின்ன நூலால் தளர்வாகக் கட்டி, நாற்காலியிலிருந்து கழற்றுங்கள். நூல் முழுக்கச் சுருள் சுருளாக இருக்கும். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு இருபது நிமிடம் ஊறப்போட்டு, அலசி, முறுக்காமல் துண்டில் வைத்து அமுக்குங்கள். ஒரு கொக்கியில் மாட்டி, அடியில் கனமில்லாத எதையாவது தொங்கவிட்டு நிழலில் காய விடுங்கள். மறுநாள் சுருள் இறங்கியிருக்கும். உருண்டையாகச் சுற்றி வைத்துக்கொண்டு, மறுபடி இருபது கண்ணி ஏற்றுங்கள்.